அரியலூர் லைனில் ஒரு கச்சேரி

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அரியலூர் லைனின் மூடி விழுந்தது. எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் நகத்தளவில் ஒரு தகட்டு மூடி உண்டு. அந்தப் பக்கத்தில் யாராவது கைப்பிடியைச் சுற்றினால் இந்தப் பக்கத்தில் அது ‘டக்’கென்று விழும். விழுந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகுவேன். டிரங்க் காலுக்கு முதலில் மணி பார்க்க வேண்டும் என்பது கைப்பழக்கமாகிவிட்டது. அதனால்தான் அந்த நேரம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

“பெரம்பலூர்,” என்றேன்.

“அரியலூர் பேசறேங்க்கா!” என்று ஒரு கத்தல்.

அரியலூர் என்பது அவள் பெயர் இல்லை. அரியலூர் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள். ஆறு வருடமாக ஒரு நாளைக்கு எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நான் அவளுக்கு “பெரம்பலூர்”, அவள் எனக்கு “அரியலூர்”. வேலையில் எனக்குப் பின்னால் சேர்ந்தவள் என்பதால் முதல் நாளிலிருந்தே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். நானும் “ஏண்டி அரியலூர், திருச்சி லைன் கிடைக்குதா பாரு” என்று உரிமையோடு அதட்டிக்கொண்டிருந்தேன். கால் இல்லாத மத்தியானங்களில் குழம்பு, மாமியார், மழை என்று எல்லாம் பேசுவோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு டூட்டி இல்லை. வேறு எங்கிருந்தோ கூப்பிடுகிறாள் என்பது பின்னால் கேட்ட இரைச்சலிலேயே தெரிந்தது. கூட்டம் கத்தியது. நடுவில் ‘தட் தட் தட்’ என்று எதையோ போட்டு அடிக்கிற சத்தம். கோடை மழை வருகிற நேரம் என்பதால் லைன் முழுக்க எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இருந்தது. அதற்குள்ளிருந்து இவ்வளவுதான் என் காதுக்கு வந்தது:

“அக்கா, உங்க பொண்ணு… கிளப்புல… யப்பா, அடின்னா அடி… ஒடிஞ்சே போச்சுக்கா… கையெல்லாம் ரத்தம்… ஜனமெல்லாம் சுத்தி நின்னு…”

பிறகு ஒன்றும் இல்லை. பொரிகிற சத்தம்கூட இல்லை.

நான் கைப்பிடியைச் சுற்றினேன். பிளக்கை எடுத்துத் துடைத்துச் செருகினேன். அரியலூர் லைன் செத்துவிட்டது. எங்கேயோ இடி விழுந்திருக்கிறது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லைனில் பாதி வார்த்தைதான் வரும், மீதியை நாமே போட்டுக்கொள்வோம். “நூறு ட்டை அனுப்பு” என்று கேட்டால் மூட்டையா முட்டையா என்று யாரையும் கேட்க மாட்டோம். பேசுகிறவர் அரிசி மண்டிக்காரரா, கோழிப்பண்ணைக்காரரா என்பது நமக்குத் தெரியும். “மூட்டைதாங்க, நூறு மூட்டை” என்று இந்தப் பக்கத்துக்குச் சொல்லிவிடுவோம். இத்தனை வருடத்தில் நான் போட்ட வார்த்தை தவறியதாக ஒருவரும் சொன்னதில்லை. அன்றும் அதைத்தான் செய்தேன். கிளப்பில் அடி. ரத்தம். ஒடிந்தது. என்ன ஒடிந்தது என்பதை நானே போட்டேன்: கை.

என் மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளோடு ஹாஸ்டல் அறையில் இருக்கும் தோழிக்குச் சொந்த ஊர் அரியலூர். தோழியின் அப்பா அங்கே சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். ஆலைக் குடியிருப்பில் தொழிலாளர்களுக்கென்று ஒரு சின்னக் கிளப் இருக்கிறது. அதில் கச்சேரி, போய்ட்டு வரேன் என்று மகள் கேட்டாள். நான் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. கிளப் என்றால் எங்கள் பக்கத்தில் ஒன்று சாப்பாட்டுக் கடை, இல்லையென்றால் சீட்டாடுகிற இடம். கச்சேரி என்றாலும் சீட்டுக் கச்சேரியும் ஒரு கச்சேரிதான். அவள் நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினாள். ரோஸ் நிறத் தாளில் பெரிய எழுத்தில் ‘ராக இசை நிகழ்ச்சி, அனைவரும் வருக’ என்று அச்சடித்திருந்தது. ராக இசை என்று இருந்ததும்தான் எனக்கு மனசு ஆறியது. யாரோ பாகவதர் வருகிறார் போலிருக்கிறது, போய்க் கேட்கட்டும் என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு அரியலூரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். “ரெட்டைச் சடை, மூக்குக் கண்ணாடி, என் பொண்ணு. நீயும் லீவுதானே, போயி ஒரு எட்டு பாத்துக்கடி.” அவளும் “நான் பாத்துக்கறேங்க்கா, கவலப்படாதீங்க” என்றாள்.

பார்த்துக்கொண்டதன் லட்சணம் இது என்று அந்த நிமிஷத்தில் அவள்மேல் வந்த ஆத்திரத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போர்டில் ஒரே ஆள்தான். எழுந்து போக முடியாது. ராத்திரி டூட்டிக்காரர் பின்தெருவில் இருந்தார். வாட்ச்மேனை ஓடவிட்டேன். அவர் வருகிறவரை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடிகள் விழுந்துகொண்டேதான் இருந்தன. ஒரு ரைஸ்மில் முதலாளி அரியலூர் கேட்டார்.

“அரியலூர் லைன் டெட்டுங்க.”

“என்னாம்மா இது, எப்பக் கேட்டாலும் டெட்டு டெட்டுன்ற?”

“எனக்கும்தாங்க டெட்டு,” என்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, “சரி சரி, நீ தண்ணியக் குடிம்மா” என்று வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் முந்திரி வியாபாரம். கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் கொட்டை வாங்கப் போயிருந்தார். எந்தக் கொல்லையில் நிற்கிறாரோ. ஊருக்கெல்லாம் லைன் போட்டுத் தருகிறேன், என் புருஷனைக் கூப்பிட ஒரு நம்பர் இல்லை. ராத்திரி டூட்டிக்காரர் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்தார். பாதி சவரத்தில் எழுந்து வந்திருக்கிறார். “நீங்க கெளம்புங்கம்மா, ஒண்ணும் ஆயிருக்காது” என்றார். நான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் மழை பிடித்தது. பக்கத்தில் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு விடவில்லை.

“ஏந்தங்கச்சி, எழவா?”

“இல்லீங்க. எம் பொண்ணு அரியலூர்ல… கிளப்புல அடிபட்டுட்டாளாம்.”

“கிளப்புலயா? பொம்பளப் புள்ள கிளப்புக்குப் போவலாமா?”

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பினார். “எந்தக் கிளப்புங்க? ரயிலடி காபி கிளப்பா, சீட்டாடுற கிளப்பா?”

“கச்சேரி நடக்குற கிளப்பு.”

“அப்ப சீட்டுதான்,” என்றார் கண்டக்டர். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். கொய்யாக்கார அம்மாள் அவர்களைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள். எனக்கு ஒரு பழத்தைக் கையில் திணித்து, “கடி, வவுறு காஞ்சா இன்னும் பயமாருக்கும்” என்றாள். நான் கடிக்கவில்லை. பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கல்லங்குறிச்சிப் பெருமாளை வேண்டிக்கொண்டேன். அவளுக்கு முதல் மொட்டை போட்ட கோயில் அது. கை மட்டும் ஒடியாமல் இருக்கட்டும், நடந்தே வருகிறேன் என்றேன். பிறகு, கை ஒடிந்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கட்டும் என்றேன். அடுத்த மைல் கல்லுக்குள் கையும் ஒடியக் கூடாது என்று மறுபடி மாற்றினேன்.

வழியில் ஓடைப்பாலம் ஒன்றில் எதிரே அரியலூரிலிருந்து ஒரு பஸ் வந்தது. ஒன்றுதான் போக முடியும். எங்கள் டிரைவர் நிறுத்தி வழிவிட்டார். இரண்டு டிரைவர்களும் மழையைப் பற்றியும் யாரோ ஒருவரின் டிரான்ஸ்ஃபரைப் பற்றியும் நிதானமாகப் பேசினார்கள். எதிர் பஸ்ஸில் ஜன்னல் படுதாக்களையெல்லாம் இறக்கி விட்டிருந்தார்கள். உள்ளே யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. “போலாங்க டிரைவர்!” என்று நான் கத்திவிட்டேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அரியலூரில் இறங்கியதும் கிளப்புக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் ரிக்‌ஷாவை விடச் சொன்னேன். ரத்தம் என்றால் அங்கேதானே கொண்டுவந்திருப்பார்கள். நர்ஸம்மா வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்தபடி யோசித்தார்.

“இன்னிக்கு வந்தது ரெண்டு கேஸுதாங்க. ஒருத்தர மாடு முட்டிடுச்சு. ஒருத்தர் புளியமரத்துலேருந்து வுழுந்துட்டாரு. பொம்பளப் புள்ள யாரும் வரல.”

வரவில்லை என்பது நல்ல செய்தியா, இல்லை தூக்கிவரக்கூட ஆள் இல்லை என்று அர்த்தமா? ரிக்‌ஷாக்காரர், “கிளப்புலதான் இருக்கும், வாங்க, ஏறுங்க” என்றார். அன்று யார் எதைச் சொன்னாலும் நான் ஏறினேன்.

ஆலைக் குடியிருப்பில் வேப்பமரம், கூரை, ஓடு எல்லாவற்றின்மேலும் சாம்பல் பூசிய மாதிரி சிமெண்ட் தூசி. மழையில் நனைந்து வழிந்துகொண்டிருந்தது. கிளப் என்பது நீளமான ஒரு ஓட்டுக் கட்டடம். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஜன்னலில் ஆள் ஏறி நின்றார்கள். உள்ளேயிருந்து அதே சத்தம். ‘தட் தட் தட்’. லைனில் கேட்ட அதே அடி. இன்னும் அடிக்கிறார்களா?

“விடுங்க! எம் பொண்ணு! விடுங்கய்யா!” என்று முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

சீட்டாடுகிற மேஜைகளை நான்காய்ச் சேர்த்துப் போட்டு மேடை. கேரம் போர்டுகளைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். மேடையில் தோழி மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு அண்ணன்களும் இரண்டு பக்கமும் கிடார் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, வயரிலிருந்து கரண்ட் அவர்களுக்கே ஏறுகிற மாதிரி வாசித்தார்கள். பின்னால், கல்யாண பாண்டு வாத்தியக்காரர்களிடம் வாங்கியது போலிருந்த சிவப்பு டிரம்முகளுக்கு நடுவே, ரெட்டைச் சடை பறக்க, கண்ணாடியைக் கயிற்றால் பின்மண்டையில் கட்டிக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் ஒரு குச்சி. வலது கையில் மோர் கடைகிற மத்து. அந்தக் கையில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தது. கைக்குட்டையில் ரத்தம்.

இரண்டு கையும் இருந்தன. இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்: தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல். எல்லாம் மடங்கின.

கடைசி வரிசையில் ஒரு இரும்பு நாற்காலியைப் பக்கத்தில் இருந்தவர் இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். கையில் இன்னும் அந்தக் கொய்யா இருந்தது.

மேடைக்கு ஓடி அவளை இழுத்துக்கொண்டு போகத்தான் வந்தேன். ஆனால் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க உடம்பு கேட்கவில்லை. அதனால் அந்தக் கச்சேரியை நான் கேட்டேன். ஆசைப்பட்டுக் கேட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு பாட்டும் எனக்குத் தெரிந்த பாட்டாக இல்லை. சுற்றி இருந்தவர்களுக்கும் அதுதான் குறை. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும், “சினிமாப் பாட்டு போடுங்கப்பா!” என்று ஒரு பக்கத்திலிருந்து கூச்சல் வந்தது.

பெரிய அண்ணன் மைக்கை வாங்கி, “சினிமாப் பாட்டு இல்லீங்க, எல்லாம் எங்க சொந்தப் பாட்டு” என்றான்.

“சொந்தப் பாட்டுன்னா சொந்தக்காரங்கள மட்டும் கூப்புட வேண்டியதுதானடா! எங்கள ஏன் கூப்புட்ட?” என்று எனக்கு முன்னால் இருந்த ஒருவர் கத்தினார். ஹாலே சிரித்தது. சிரிக்காமல் இருந்த ஒரே சொந்தக்காரி நான்தான்.

எனக்குப் பக்கத்தில் பட்டை நாமம் போட்ட ஒரு பெரியவர் மடித்த மேல்துண்டோடு உட்கார்ந்திருந்தார். தொடையில் தாளம் போட முயன்று முயன்று விட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்தார். “இது என்ன ராகம்னு உங்களுக்குப் புடிபடுதாங்க?”

“தெரியலீங்களே.”

“நோட்டீஸுல ராக இசைன்னு போட்டிருந்தாங்க. அத நம்பித்தான் வந்தேன். வெளியில மழை, போவவும் முடியல.”

பாட்டுகளில் எதைப் பற்றியெல்லாமோ பாடினார்கள். வேப்பிலை எல்லாம் வெள்ளையாகிப் போனதைப் பற்றி ஒன்று. ஷிஃப்ட் சங்கு ஊதியதும் அப்பா பாதிச் சோற்றில் எழுந்து போவதைப் பற்றி ஒன்று. அந்தப் பாட்டுக்கு மட்டும் யாரும் சினிமாப் பாட்டு கேட்கவில்லை. முன்வரிசையில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த பாட்டின் நடுவில் கரண்ட் போனது. கிடார் இரண்டும் சட்டென்று ஊமையாகிவிட்டன. கம்பியை மீட்டுகிறார்கள், ஈ பறக்கிற சத்தம்தான் வருகிறது. தோழியின் வாய் அசைகிறது, குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை. “மறுபடியுமா!” என்று கூட்டம் எழுந்தது. சிலர் செருப்பைத் தேடப் போனார்கள்.

டிரம்முக்குக் கரண்ட் வேண்டாம். என் மகள் நிறுத்தவில்லை.

முதலில் மெதுவாக, ஒன்று, இன்னொன்று என்று விட்டு விட்டு அடித்தாள். டக். டக் டக். பிறகு நெருக்கமாக. பிறகு நாலா பக்கமிருந்தும். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தீபாவளிக்கு முந்தின காலையில் ஊரே ஒரே நேரத்தில் கைப்பிடியைச் சுற்றும்போது என் போர்டில் மூடிகள் விழுகிற சத்தம் அது. முதலில் இங்கொன்று அங்கொன்று, பிறகு வரிசை வரிசையாக. பள்ளிக்கூடம் விட்டு வந்து, என் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை. எழுதுகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செருப்பைத் தேடப் போனவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பிறகு உள்ளே வந்து மேடையைச் சுற்றிக்கொண்டார்கள். ஜனமெல்லாம் சுற்றி நின்று என்று லைனில் கேட்டதும் இப்படித்தான் இருந்திருக்கும். நாமம் போட்ட பெரியவர் தொடையில் தட்ட ஆரம்பித்து, இந்த முறை விடாமல் தட்டினார். “இது புடிபடுதுங்க” என்றார் என்னிடம். எனக்கும் பிடிபட்டது. ஆனால் நான் வேறு ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குட்டையில் சிவப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. போதும்டி, போதும், நிறுத்து என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கரண்ட் வந்து கிடார்கள் அலறியபோது கூட்டம் போட்ட கூச்சலில் ஓடு பெயர்ந்து விழாதது ஆச்சரியம்.

கச்சேரி முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகுதான் அவள் என்னைப் பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“அம்மா! நீ எப்புடி இங்க?”

“யாருடி உன்ன அடிச்சது?”

“யாரும் அடிக்கலம்மா. நான்தான் அடிச்சேன்.”

“நீயா? யாரடி அடிச்ச?”

“டிரம்ஸம்மா! டிரம்ஸ அடிச்சேன்.”

“கையக் காட்டு.”

காட்டினாள். கைக்குட்டையை அவிழ்த்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொப்புளம் கிழிந்து தோல் உரிந்திருந்தது. ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினேன். “ஒடியல” என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. தோழியும் அண்ணன்களும் என்ன செய்வதென்று தெரியாமல் கிடார் வயர்களைச் சுருட்டினார்கள்.

“ஏம்மா அழுவுற? நோட்டீஸக் காட்டிட்டுத்தானே வந்தேன்?”

“ராக இசைன்னுதானடி அதுல இருந்துச்சு.”

“ராக் இசைம்மா. அச்சாபீஸுல புள்ளிய வுட்டுட்டாங்க. ‘க்’னு எழுதிக் குடுத்தோம், ‘க’ன்னு அடிச்சிட்டாங்க.”

பக்கத்தில் துண்டை உதறிக்கொண்டிருந்த பெரியவர், “ஓ, புள்ளியா?” என்றார். அவ்வளவுதான், நடந்து போய்விட்டார்.

கேன்டீனிலிருந்து தோழியின் அம்மா வந்தார். என் தோளைத் தொட்டுவிட்டு மகளிடம், “கண்ணு, எம் மத்தக் குடு. இவுங்களுக்கு மோரு கடஞ்சு கொண்டாறேன்” என்றார். அப்போது சிரித்துவிட்டேன். அழுதுகொண்டே சிரித்தால் விக்கல் வருகிறது.

மோர் குடித்த பிறகுதான் அரியலூரின் நினைவு வந்தது.

“அந்த எக்ஸ்சேஞ்சுக்காரி எங்கடி? உன்னப் பாத்துக்கச் சொல்லியிருந்தேன்.”

“அந்தம்மாவா? முன்வரிசையிலதான் உக்காந்திருந்தாங்க. மொதத் தடவ கரண்டு போனப்ப நான் அடிச்சனே, அதுலதான் எங்கிட்ட இருந்த குச்சி ஒண்ணு ஒடிஞ்சுது. ஒடஞ்ச குச்சி கையக் கிழிச்சிடுச்சு. அந்தம்மாதான் கைக்குட்டை கட்டிவுட்டாங்க. உடனே ஆபீஸ் ரூமுக்கு ஓடுனாங்க, உங்கம்மாட்ட சொல்லியே ஆவணும்னு. திரும்பி வந்து தலைல அடிச்சிக்கிட்டாங்க. ‘லைன் போயிடுச்சு. பாதிதான் கேட்டிருக்கும். அக்கா என்னா நெனச்சிக்கிட்டாங்களோ’ன்னாங்க. அப்புறம் மழையோட மழையா பெரம்பலூர் பஸ்ஸுக்குப் போயிட்டாங்கம்மா. நேர்ல சொல்லிட்டு வந்துடறேன்னு.”

படுதா இறக்கிய அந்த பஸ். ஓடைப்பாலம். நான் “போலாங்க டிரைவர்” என்று கத்திய இடம்.

உடனே ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்றாள் மகள். வேண்டாம் என்றேன். அந்த அரியலூர்க்காரி இந்நேரம் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருப்பாள். நான் அரியலூருக்குப் பறந்துவிட்டேன் என்று நுரைக் கன்னக்காரர் சொல்லியிருப்பார். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறியிருப்பாள். நாமும் கிளம்பினால் இன்னொரு முறை பாலத்தில் ஒருவரையொருவர் தாண்டிப் போவோம். நமக்காக நனைந்துகொண்டு அலைகிற மனுஷி. அவளைப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லாமல் வீட்டுக்குப் போய் என்னால் சோறு தின்ன முடியாது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மழை விட்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம். பெஞ்சிலும் அவள் இடது கை விரல்கள் சும்மா இருக்கவில்லை.

“காலைல கல்லங்குறிச்சிக்கு நடக்கணும்,” என்றேன்.

“நடந்தா? எதுக்கும்மா?”

“உங் கை ஒடியலன்னு.”

“கை எதுக்கு ஒடியணும்?” என்றாள். மறுபடி கட்டியிருந்த கைக்குட்டையின் முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டு, “பாட்டு எப்புடிம்மா இருந்துச்சு?” என்றாள்.

“சத்தமா இருந்துச்சு,” என்றேன். பிறகு, “கரண்டு போனப்ப நல்லாருந்துச்சு” என்றேன். அவள் கொய்யாவை என் கையிலிருந்து வாங்கிக் கடித்தாள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகிறது. அவள் இப்போதும் வாசிக்கிறாள். அப்பாவுக்கும் தெரியும். இன்றைக்கும் மத்தியானத்தில் அரியலூர் மூடி விழுந்தால் பிளக்கை எடுக்கிற கை ஒரு நிமிஷம் நின்றுதான் போகிறது. யார் எதைப் பாதியில் விட்டாலும் மீதியை நான் இப்போது போடுவதில்லை. “மூட்டையாங்க, முட்டையாங்க?” என்று கேட்டுவிடுகிறேன். திட்டுகிறார்கள். திட்டட்டும்.

அன்று நாங்கள் பெஞ்சில் காத்திருந்தபோது பெரம்பலூரிலிருந்து ஒரு பஸ் வந்தது, அதில் அரியலூர் இல்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஆறு வருடமாக நான் மனதில் வரைந்து வைத்திருந்த ஒரு முகம் இருந்தது. ஒல்லியாக, முப்பதுக்குள், கனகாம்பரம் வைத்துக்கொண்டு. அப்படி யாரும் இறங்கவில்லை. அடுத்த பஸ் வந்தபோதும் ஜனங்கள் இறங்க இறங்க அந்த முகத்தைத்தான் தேடினேன். இறங்கினவர்களில் கடைசியாக ஒரு அம்மாள். குள்ளம். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே படியில் நின்று உள்ளே திரும்பி, “தம்பி, அந்தக் கடைசி சீட்டுக்கடியில என் கொடை கெடக்குது பாருங்க” என்றார்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் இழுத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் குரலை நான் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்வேன்.

கிட்டே போனேன். மன்னிப்பு கேட்பதா, நன்றி சொல்வதா, இத்தனை வருடம் ‘டி’ போட்டதற்குக் காலில் விழுவதா என்று தெரியவில்லை. வாயில் வந்தது ஒன்றுதான்.

“பெரம்பலூர்,” என்றேன்.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார், என் பக்கத்தில் நின்ற ரெட்டைச் சடையைப் பார்த்தார், கைக்குட்டைக் கட்டைப் பார்த்தார். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, காதில் ரிசீவர் இருக்கிற மாதிரியே சத்தமாகச் சொன்னார்:

“அரியலூர் பேசறேங்க்கா. இப்பக் கேக்குதுங்களா? குச்சிக்கா. ஒடிஞ்சது குச்சி.”